பலாமரத்தடி மண்சோறு

கழிவறையில் அந்தத் துண்டைப் பார்த்ததும் துளசிக்குச் சந்தோஷமாக இருந்தது. அருவருப்பு சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

சோற்றுப் பருக்கைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டவைத்து நாடாவாக்கியது போல வெள்ளையாக, சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் கிடந்தது. குனிந்து பார்த்தாள். ஒரு ஓரம் சுருங்கியது, பிறகு விரிந்தது. உயிர் இருந்தது. குரங்குக் கழிவிலும் எலிக் குடலிலும் இத்தனை வருடங்களாக அவள் தேடித் திரிந்த நாடாப்புழுவின் துண்டு, வீட்டுக்கே வந்திருந்தது.

கதவு தட்டப்பட்டது.

“துளசி, முடிஞ்சதா? எனக்கு மொத டிரிப்பு லா.”

அவள் கணவன் சுகுமாரன் ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்கு பஸ் ஓட்டுகிறவன். விடிவதற்குள் கிளம்ப வேண்டும்.

“ஏங்க, அடுப்படியில ஊறுகா போத்தல் ஒண்ணு கழுவி வெச்சிருக்கேன். எடுத்துக் குடுங்க.”



“கக்கூசுக்கு எதுக்கு ஊறுகா போத்தல்?”

“வேலை விஷயம். குடுங்க, அப்புறம் சொல்றேன்.”

“மூடியோடவா?”

“மூடி இல்லாம எப்படிங்க?”

கதவிடுக்கில் ஒரு கையும் போத்தலும் நீண்டன. அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒருமுறை அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் காட்டுப்பன்றி ஈரல் இருந்தது. சமைக்க வைத்ததல்ல என்று யாரும் சொல்லாததால் அவன் வெங்காயம்கூட நறுக்கிவிட்டான். அன்று முதல் அவளுடைய வேலை விஷயம் என்றால் தள்ளி நிற்கப் பழகியிருந்தான்.

போத்தலில் உப்புத் தண்ணீர் ஊற்றித் துண்டை எடுத்து வைத்தாள். காடியில் ஏறி, பக்கத்து இருக்கையில் அதை நிறுத்தி, சாய்ந்துவிடாமல் இருக்க பெல்ட்டையும் போட்டாள். வண்டி நகர்ந்த பிறகுதான் தன் முகத்தைக் கண்ணாடியில் கண்டாள். சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் இதே சாலையில் அழுதுகொண்டு திரும்பியிருந்தாள்.

பத்து காஜாவைத் தாண்டி ஏழாங்கட்டைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. இப்போது தோட்டம் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயங்களை இடித்து, ஜனங்களைத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் நிற்கும் பெரிய பலாமரமும் மட்டும் மிச்சம். திருவிழா என்றால் எல்லாரும் அங்கே திரும்பி வருவார்கள். குரங்குகள் எங்கும் போகவே இல்லை. அந்தக் குரங்குகளின் வயிற்றில் இருக்கும் நாடாப்புழு மனிதர்களிடமும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் துளசியின் ஆய்வு.

குரங்குகளிடம் நிறைய இருந்தது. கோயிலுக்கு வரும் மனிதர்கள் கொடுத்த கழிவுப் போத்தல்களில் இரண்டில் மட்டும் முட்டைகள் தெரிந்தன. இரண்டுமே நாற்பதை நெருங்கும் பெண்களுடையவை. ஒருத்தி சித்தியவானுக்கு வேலை மாறிப் போய்விட்டாள். இன்னொருத்தி புஷ்பலீலா, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். இரண்டாவது முறை போத்தல் கேட்டபோது கதவைச் சாத்திவிட்டாள்.

ஆய்வகத் தலைவர் டாக்டர் தர்மேந்திரன் படங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தாப்பாவில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார்.

“முட்டை அந்த முட்டைதான். சந்தேகமே இல்ல. ஆனா இது மனுஷனோட போத்தல்லேருந்து வந்துச்சுன்னு நான் எப்படி நம்புறது? அதே நாள், அதே மேசையில குரங்கோட போத்தலும் இருந்திருக்கு.”

“நாங்க கலக்கல டாக்டர்.”

“துளசி, இந்தப் புழு குரங்கு வயித்துக்குள்ள முட்டை போடுது. அது கழிவோட மண்ணுக்கு வருது. மண்ணுல இருக்கிற உண்ணி அதைத் தின்னுது. அந்த உண்ணியக் குரங்கு முழுங்குது. இதுதான் அதோட பாதை. மனுஷனுக்கு வரணும்னா மனுஷன் மண்ணைத் திங்கணும். மண்ணுல விளையாடுற சின்னப் பிள்ளைங்களுக்கு வந்திருந்தாக்கூட நம்புவேன். ஒரு பிள்ளைக்கும் இல்ல. நாப்பது வயசுப் பொம்பளைங்க மண்ணை அள்ளித் தின்னாங்களா?”

 பதில் தன்னிடம் இருந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மாத முடிவில் ஆய்வை முடிக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் மனிதர்களின் பகுதியை அறிக்கையிலிருந்து அடித்துவிடச் சொன்னார். அடித்துவிட்டால் இந்த ஊரில் இந்தப் புழு மனிதனிடம் இல்லை என்றே ஆகிவிடும். யாரும் தேட மாட்டார்கள். கிளினிக்குகளில் வழக்கமான பூச்சி மாத்திரையையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அது இந்தப் புழுவைப் பெரும்பாலும் அசைக்காது. அதோடு, குரங்குப் போத்தலையும் மனிதப் போத்தலையும் கலக்கிவிட்டவள் என்கிற பேச்சு, அவள் எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஆகவே ஊறுகாய் போத்தலுடன் அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது நடந்து நுழைந்தாள் என்று சொல்ல முடியாது.

“எல்ஸி! எல்லாத்தையும் கீழ வை. இதைப் பாரு.”

எல்ஸி போத்தல்கள் வைக்கும் அந்த மேசைக்குப் பொறுப்பானவள். துளசியோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். டாக்டர் சொன்ன சொல் அவளையும்தான் குத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிற குரலில் அன்று முழுக்க அவரைத் திட்டித் தீர்த்திருந்தாள். இப்போது போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“அலாமா! இவ்வளவு ஃபிரஷ்ஷா! எந்தக் குரங்கு?”

“நான்தான்.”

எல்ஸி போத்தலைப் பார்த்தாள். துளசியைப் பார்த்தாள். மறுபடி போத்தலைப் பார்த்தாள்.

“கர்த்தரே. போத்தல்ல இன்னும் மாங்கா வாசம் வருது லா.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி உருப்பெருக்கியில் பார்த்தார்கள். முட்டைகள் குவியலாக இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் பேரிக்காய் வடிவ உறை. அதன் முனையில் இரண்டு சின்னக் கொம்புகள். ஆயிரம் தடவை பார்த்த உருவம். தன்னுடையது என்னும்போது துளசிக்கு அது வேறாக இருந்தது. தனியார் கருத்தரிப்பு மையத்தில் இரண்டு முறை அவளுடைய கருவை இதேபோலத் திரையில் காட்டியிருக்கிறார்கள். ‘பாருங்க, நல்லா இருக்கு, ஒட்டிக்கும்’ என்றிருக்கிறார்கள். இரண்டு முறையும் ஒட்டவில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்டது இது. அந்த எண்ணம் வந்ததும் வலிக்குமென்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. சிரிப்பின் மிச்சம்தான் இருந்தது.

“சரி, எப்படி வந்துச்சு?” என்றாள் எல்ஸி. “நீ கையுறை இல்லாம குரங்குச் சமாச்சாரம் எதையும் தொடமாட்ட. ரெண்டு கையுறை போடுற ஆளு நீ. என்னா சாப்ட்ட?”

“ஒண்ணும் இல்ல. எல்லாரும் சாப்பிடுறதுதான்…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போன ஆடி. பலாமரத்தடியிலிருந்து மண் எடுக்கப் போயிருந்தாள். அன்று கோயிலில் விசேஷம் என்று தெரியாது. பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் மரத்தடியில் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். கோயில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மா அக்கா ஒவ்வொருத்தி முன்னும் வெறும் மண்ணில், இலை எதுவும் போடாமல், ஒரு கை சோறு வைத்துக்கொண்டு வந்தாள். துளசியின் முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ. “நீயும் உக்காரும்மா” என்றாள். துளசி உட்கார்ந்துவிட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயாலேயே அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள். நெற்றியில் மண் ஒட்டியது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் மனம் எதையும் கணக்குப் போடாமல் இருந்தது. எழுந்து முகம் கழுவி, மண் எடுக்காமலே வீட்டுக்கு வந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சுகுமாரனிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாத அந்த நாளை அவளும் தன்னிடம் எடுத்துப் பேசியதில்லை. உண்ணி, முட்டை, மண் என்று நாள் முழுக்க யோசிக்கிற துளசி வேறு. அங்கே மண்டியிட்ட துளசி வேறு. இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்துப் பேசியதில்லை. டாக்டர் ‘மண்ணைத் தின்னாங்களா’ என்று கேட்டபோதும் முதல் துளசிதான் அங்கே நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

“எல்ஸி, நான் மண்சோறு சாப்பிட்டேன்.”

எல்ஸிக்கு விளக்க வேண்டியிருந்தது. துளசி சொல்லி முடிக்கும்வரை எல்ஸி குறுக்கே பேசவில்லை. அவளுக்கு அது அபூர்வம்.

“சிரிக்கணும்னா சிரி,” என்றாள் துளசி.

“எதுக்கு? எங்க அக்கா வேளாங்கண்ணி வரைக்கும் போயி மணல்ல முட்டி போட்டு நடந்துட்டு வந்தா. முட்டி கிழிஞ்சுது. அவளுக்குப் புழு வரல, அவ்வளவுதான்.” எல்ஸி தன் நாற்காலியை இழுத்து அருகில் போட்டாள். “அந்த ரெண்டு பேரும் அங்க உக்காந்தவங்கதானா? அதைக் கேளு மொதல்ல. போ.”

புஷ்பலீலாவின் வீடு தாமானின் கடைசி வரிசையில் இருந்தது. இரவு ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அக்கா, அன்னைக்கே சொல்லிட்டேனே. திரும்ப போத்தல் குடுக்க மாட்டேன். எனக்கு மாலுவா, வெக்கமா இருக்கு.”

“போத்தல் கேக்க வரல லீலா. எனக்கும் அது இருக்கு.”

“எது?”

“நீ பாத்தது. வெள்ளையா, நாடா மாரி. இன்னைக்குக் காலையில பாத்தேன். நெளிஞ்சுது.”

கம்பியைப் பிடித்திருந்த லீலாவின் விரல்கள் இறுகின.

“நெளியுதுதானே?” என்றாள். “நெளியும்தானேக்கா?”

“நெளியும்.”

பூட்டைத் திறப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துளசியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கிளினிக்கில் மூன்று தடவை மாத்திரை கொடுத்தார்களாம். நான்காம் தடவை போனபோது, பிள்ளை இல்லாத கவலையில் அப்படித் தோன்றும், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்களாம். மாமியார் அதைக் கேட்டுக்கொண்டு வந்து வீடு முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

“என் வீட்டுக்காரரு பாத்ரூம் கதவத் தட்டி, இன்னைக்கு என்னா தெரியுதுன்னு கேக்குறாரு. அதுல இருந்து நான் பாக்குறதே இல்ல. கண்ண மூடிக்கிட்டு தண்ணி ஊத்திருவேன்.”

 கேட்க வேண்டியதைத் துளசி வழியெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்திருந்தாள். எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“போன ஆடியில நீ மரத்தடியில இருந்தியா?”

லீலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்கு ரெண்டு பேரு தள்ளி இருந்தேன்.”

“என்னையப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்ப போத்தல் வாங்குன முகாம்ல நான் என்னென்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டப்ப ஏன் சொல்லல?”

“எப்படிக்கா சொல்றது? பக்கத்துல உங்க ஆளுங்க எல்லாம் நின்னாங்க. மண்சோறுன்னா எங்க, எப்போ, யார் யாருன்னு கேப்பாங்க. நீங்க படிச்சவங்க, அரசாங்க வேலை. உங்க பேரு என் வாயில வரக்கூடாதுன்னு இருந்துட்டேன்.”

 துளசி தான் ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை, ஓரிரு முறை மட்டுமே பேசிய ஒருத்தி இவ்வளவு காலம் தன் வயிற்றுக்குள் சுமந்திருக்கிறாள். அதற்காகப் பைத்தியம் என்கிற பேச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதை என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து போய் லீலாவின் அடுப்படியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

“சித்தியவான் போனாளே, அவ?”

“அவளும்தான். எனக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தா.”

“இத்தன வருசமா மண்சோறு சாப்பிடுறாங்க. முந்தியெல்லாம் யாருக்கும் வரலையே லீலா?”

“முந்தி மரத்தடியிலயா சாப்ட்டோம்? உள்ளதான், அம்மனுக்கு முன்னாடி. மண்ணு தரை, சாணி மொழுகி சுத்தமா இருக்கும். கார்த்திகேசு கோயில் தலைவரா வந்து டைல்ஸ் போட்டாரு. பளபளன்னு. டைல்ஸ்ல வெச்சு சாப்ட்டா அது மண்சோறா? ரெஸ்டோரான் சோறு லா. அம்மன் ஏத்துக்குமா? அதான் வீரம்மாக்கா மரத்தடிக்கு மாத்துனாங்க.”

துளசி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுத்தத்துக்காகப் போட்ட டைல்ஸ் அந்தப் பெண்களைக் குரங்குகளுக்குக் கீழே கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறது. பலாச்சுளை தின்ன வரும் குரங்குகள் கழிப்பதெல்லாம் அந்த மரத்தடியில்தான் விழும். பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் அதில் இருந்தது. பிள்ளைகள் முன்பக்கம், டைல்ஸில் வழுக்கி விளையாடுகிறார்கள்.

அன்று மாலை சுகுமாரனிடம் சொன்னாள். முதலில் புழுவை, பிறகு மண்சோற்றை. இரண்டாவதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. அவன் யூனிஃபார்ம் சட்டையின் பொத்தானை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பாதிப் பொத்தானில் கை நின்றுவிட்டது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சிரிக்க என்னா இருக்கு? நானும் வந்து பக்கத்துல நின்னிருப்பேன். ஹேண்ட்பேக்கப் புடிச்சுக்கிட்டாவது.” பிறகு சற்று யோசித்தான். “அந்த ஊறுகா போத்தல இனி வீட்டுக்குக் கொண்டாராத.”

மறுநாளே மரத்தடி மண் ஆய்வகத்துக்கு வந்தது. புனல்களில் பரப்பி மேலே விளக்கைப் போட்டார்கள். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அஞ்சி உண்ணிகள் மண்ணுக்குள் கீழே கீழே இறங்கிக் கிண்ணத்தில் விழும். கசகசாவைவிடச் சிறியவை. ஒவ்வொன்றாக எடுத்து உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் திறக்க வேண்டும். துளசிக்குக் கண் கலங்கிப் பூச்சி பறந்தது. எல்ஸிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒன்றிலும் எதுவும் இல்லை. மாத முடிவு நெருங்கியது. துளசி ஜன்னலோரம் நின்று மைலோ குடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் பின்னால் நாற்காலி கவிழ்கிற சத்தம் கேட்டது.

“இவந்தான் லா! வா, வா! சுருண்டு படுத்திருக்கான், குட்டிச் சாத்தான்!”

உண்ணியின் உடலுக்குள் ஒரு உறை. அதற்குள் குட்டிப்புழு தன் தலையை உள்ளிழுத்துக்கொண்டு சுருண்டிருந்தது. யாராவது விழுங்குவார்களென்று காத்திருந்தது.

டாக்டர் தர்மேந்திரனின் அறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் உண்ணியின் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூன்று பேரின் முட்டைப் படங்களை எடுத்தார்.

“ரெண்டு பேருன்னுதானே சொன்ன? மூணாவது ஆளு யாரு?”

இந்தக் கேள்விக்காகத் துளசி பயந்திருந்தாள். ‘பெயர் சொல்ல விரும்பாத பெண்’ என்று எழுதிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வார்த்தைகளை வாய்வரை கொண்டுவந்தும் வைத்திருந்தாள். லீலாவின் கம்பிக் கதவு நினைவுக்கு வந்தது.

“நான்தான் டாக்டர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நாப்பது வயசுப் பொம்பளைங்க மண்ணை அள்ளித் தின்னாங்களான்னு கேட்டீங்க. அள்ளல. கைய பின்னாடி கட்டிக்கிட்டோம்.”

எல்ஸி இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். துளசி எல்லாவற்றையும் சொன்னாள். தரை, டைல்ஸ், மரம், சோறு.  தன் ஆய்வு ஒன்றை இவ்வளவு தெளிவாக அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு துளசிகளும் ஒரே வாயால் பேசினார்கள்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்தார்.

“எங்கம்மா சாப்ட்டாங்களாம்,” என்றார். “தாப்பாவில. அதுக்கப்புறந்தான் நான் பொறந்தேன்னு சொல்லுவாங்க. நான் அதை… சோறாத்தான் நெனச்சிருக்கேன். மண்ணா நெனச்சதே இல்ல.”

“நானும்தான் டாக்டர்.”

“உன்னோடதை நீயே பாத்துச் சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நானும் ஒத்துக்க மாட்டேன்.” குரல் தாழ்ந்தது, ஆனால் கோபத்தில் இல்லை. “போத்தல்ல பேரு இருக்கக் கூடாது. மத்தப் போத்தல்களோட கலந்து நானே கோலாலம்பூர் லேபுக்கு அனுப்புறேன். அவங்க கண்டுபிடிக்கட்டும்.”

சித்தியவானிலிருந்து அந்தப் பெண் பஸ்ஸில் போத்தலோடு வந்தாள். லீலா தானாகவே கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் அவர் கையால் போயின. முடிவு வந்த அன்று அவர் யாரையும் கூப்பிட்டு அனுப்பவில்லை. தானே எழுந்து நடந்து எல்ஸியின் மேசைக்கு வந்தார். அந்த மேசையைக் கையால் ஒருமுறை தட்டினார்.

“இந்த மேசையில எதுவும் கலக்கல. மூணும் மனுஷங்களோடது. மனுஷங்க பகுதியைத்தான் முன்னாடி வைக்கணும். குரங்கு பின்னாடி வரட்டும்.”

எல்ஸி அவர் போகும்வரை அசையாமல் நின்றாள். கதவு சாத்தியதும் பாட்டுக்குழுக் குரலில் ஓர் அல்லேலூயா போட்டாள். பக்கத்து அறையில் யாரோ எதையோ கீழே போட்டு உடைத்தார்கள்.

சரியான மருந்தைத் துளசியும் லீலாவும் ஒரே நாளில், மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து விழுங்கினார்கள். தலை வெளியே வந்தால்தான் புழு முழுதாகப் போனது என்று அர்த்தம். அதனால் எல்ஸி வாளியும் சல்லடையுமாக வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். “நான் படிச்ச படிப்புக்கு இது ரொம்பப் பெரிய வேலை,” என்று போகிற வருகிற தாதியரிடமெல்லாம் சொன்னாள்.

லீலாவின் புழு முதலில் வந்தது. உருப்பெருக்கியில் லீலாவைப் பார்க்கவைத்தார்கள். உருண்டைத் தலை, நான்கு உறிஞ்சு வாய்கள், அதற்குக் கீழே நூலிழைக் கழுத்து. லீலா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இவதானா? இவதானா என்னையப் பைத்தியம்னு சொல்ல வெச்சவ?”

“இவதான்.”

“படம் புடிச்சுக் குடுங்கக்கா. நல்லா பெருசா. எங்க மாமியாருக்கு வாட்சாப்ல அனுப்பணும். அவங்க தங்கச்சிக் குரூப்புக்கும்.”

அனுப்பினாள். தொழிற்சாலைக் குரூப்புக்கும் அனுப்பினாள். அடுத்த வாரத்துக்குள் மரத்தடியில் உட்கார்ந்த மற்றப் பெண்கள் தாங்களாகவே போத்தல் கேட்டு வந்தார்கள். இன்னும் சிலரிடம் புழு இருந்தது. எல்லாருக்கும் மருந்து கிடைத்தது.

ஆடிக்கு முந்தின மாதம் கோயிலில் கூட்டம். தலைவர் கார்த்திகேசு எழுந்து, இனி மண்சோறு கிடையாது, குரங்குப் பூச்சி வருகிறதாம் என்றார்.

“டைல்ஸ் போட்டது யாரு தலைவரே?” என்று சமையல் கூடத்து வாசலிலிருந்து வீரம்மாவின் குரல் வந்தது.

“அக்கா, அது சுத்தத்துக்காக…”

“சுத்தந்தான். உங்க சுத்தம் எங்கள மரத்தடிக்குத் தொரத்திருச்சு. அம்மனுக்கு முன்னாடி நாலு டைல்ஸ் வரிசைய ஒடச்சு எடுங்க. எங்க தரைய எங்களுக்குக் குடுங்க.”

“மண்ணுல பூச்சி இருக்கே!”

வீரம்மா துளசியைத் தேடிப் பார்த்தாள். “நீ சொல்லும்மா. மண்ண என்னா செஞ்சா அது சாவும்?”

துளசி எழுந்தாள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவள் மரத்தடியில் உட்கார்ந்த கதை தெரியும். அவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவள் திருப்பிப் பார்த்தாள்.

“வறுத்தா போதும்க்கா. நல்லா சூடு ஏறணும். கைய வைக்க முடியாத அளவுக்கு.”

“அவ்வளவுதானா? ரவா வறுக்கிற மாரி.”

“மண்ண வறுக்கப் போறீங்களா?” என்றார் கார்த்திகேசு.

“பின்ன, டைல்ஸ வறுக்கவா?”

கூட்டம் சிரித்ததில் தலைவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

ஆடி வெள்ளிக்கிழமை திருவிழாச் சோறு ஆக்கும் பெரிய குவாலியில் மண் ஏறியது. வீரம்மா துடுப்பால் கிளறினாள். மண் உலர்ந்து நிறம் மாறி, மழை விழுந்த தரையின் வாசம் கோயில் முழுக்க எழுந்தது. எல்ஸி வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்து, “இன்னும் ரெண்டு கிண்டு கிண்டுங்கக்கா,” என்றாள். ஆறிய மண்ணை அம்மனுக்கு முன்னால், டைல்ஸ் எடுத்த இடத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தட்டினார்கள். வெளியே பலாமரத்தில் குரங்குகள் பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் மரத்தடி அவற்றுக்கே திரும்பக் கிடைத்துவிட்டது.

துளசி வரிசையில் மண்டியிட்டாள். பக்கத்தில் லீலா. வாசலில், யூனிஃபார்மோடு நேராக வந்துவிட்ட சுகுமாரன், அவளுடைய கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சொன்னபடி வந்துவிட்டான்.

வீரம்மா அவள் முன்னால் சோற்றை வைத்தாள். போன ஆடியில் குனிந்தபோது நெஞ்சுக்குள் ஒரே ஒரு வேண்டுதல் முட்டிக்கொண்டு நின்றது. அது இப்போதும் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இருந்தது. ஆனால் தனியாக இல்லை. உண்ணியின் உறையும், எல்ஸியின் கூச்சலும், லீலாவின் திறந்த கதவும் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வேண்டுதலை அதன் இடத்திலேயே விட்டுவிட்டாள். பசித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். சோறு சூடாக இருந்தது. மண் வறுத்த கடலை மாதிரி மணத்தது.

பக்கத்தில் லீலா வாய் நிறையச் சோற்றோடு, “அக்கா, ரெஸ்டோரான விட நல்லா இருக்கு,” என்றாள். துளசிக்குப் புரையேறியது. இருவரும் நெற்றியில் மண்ணோடு குலுங்கினார்கள்.

“சிரிக்காம சாப்பிடுங்கடி!” என்று அதட்டிய வீரம்மாவும், அடுத்த கைச் சோற்றை எடுக்கத் திரும்பும்போது சிரித்துவிட்டாள்.